பளபளவென்று இருக்கிறது, சம்பந்தி

என் அன்புக்கும் மரியாதைக்கும், இந்த ஒரு கடிதத்தைப் பொறுத்தவரை அச்சத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் சுகம். என் மனைவி சுகம். வீடு, வாசல், மாடிப்படி, என் பழைய ஸ்கூட்டர் எல்லாம் சுகம். இந்த வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போயிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால், தயவுசெய்து சாய்மானம் உள்ள நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள். காலை மாத்திரை போட்டாயிற்றா என்று என் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவளைக் கூப்பிடு தூரத்தில் இருக்கச் சொல்லுங்கள். நெஞ்சைத் திறந்து தைத்திருக்கிற மனிதருக்கு எழுதுகிறோம் என்ற பொறுப்பு எனக்கு இருக்கிறது. அந்தப் பொறுப்பினால்தான் இத்தனை நாளும் உங்களிடம் போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆமாம் சம்பந்தி, பொய். "கார் எப்படி இருக்கு?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "பளபளன்னு இருக்கு சம்பந்தி, முகம் பார்க்கலாம்" என்று சொன்னேனே, முதல் நாள் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் பொய். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பேன். அந்தப் பக்கம் நீங்கள் இருமுவது கேட்கும். உடனே வாய் தானாக "பளபள" என்றுவிடும். போதாத குறைக்கு என் மகள் வேறு ஒரு நாள் என்னிடம், "அப்பா, நம்ம வீட்டுலேர்ந்து போன் வந்தாத்தான் மாமா எழுந்து நடக்கறாரு. மத்தபடி டாக்டர் சொன்னாலும் கேக்கறதில்ல, கட்டிலே கதின்னு கிடக்கறாரு" என்று சொல்லிவிட்டாள். கார் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் நீங்கள் நடக்கிறீர்கள். நடந்தால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் சொல்கிறார். அப்படியிருக்கும்போது உங்கள் கார் துருப்பிடித்துப்போனது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ஆனால் நேற்று மாப்பிள்ளை போன் செய்து, டாக்டர் சரி என்றால் அப்பா அடுத்த வாரம் நேரிலேயே வந்து காரைப் பார்க்கப்போகிறார் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் "பளபள"வை நம்பிக்கொண்டு நீங்கள் எங்கள் வீட்டு கேட்டைத் திறந்து ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்கிற அந்த ஒரு விநாடியை நினைத்தால் எனக்கே நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கிறது. உங்களுக்குத் தைத்த இடம் தாங்குமா? அதனால் நீங்கள் வருவதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதீர்கள். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள்.

உங்களை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன காலை உங்களுக்கு நினைவிருக்காது, ஊசி போட்டிருந்தார்கள். தள்ளுகட்டிலுக்கு ஒரு பக்கம் சம்பந்தியம்மா, மறு பக்கம் நான். நீங்கள் கையை நீட்டினீர்கள். சம்பந்தியம்மா தன் கையைக் கொடுக்கப்போனார். நீங்கள் அதைத் தாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாம்னு பழசு மொத்தமும் சுரண்டியாச்சு, தகடு வெறுமனே கிடக்கு. மழை வேற வருது. துரு ஏறாம பாத்துக்குங்க" என்றீர்கள். கதவு மூடிக்கொண்டது. "இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் பண்ணினவ பக்கத்துல நிக்கறேன். என்னைப் பாத்துக்கச் சொல்லணும்னு தோணல பாருங்க அந்த மனுஷனுக்கு" என்றார் சம்பந்தியம்மா. அவர் கண்ணில் தண்ணீரும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. நான் அந்த மூடிய கதவைப் பார்த்து, "கண்டிப்பா பாத்துக்கறேன் சம்பந்தி" என்று சொன்னேன். உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாரம், உங்கள் கொட்டகை ஒழுகுகிறது என்பதால் காரை லாரியில் ஏற்றி எங்கள் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை அதை "அப்பாவோட மூத்த பிள்ளை" என்று கேலி செய்வாரே, அந்தக் கணக்கில் கார் என் மகளுக்கு மூத்தார் முறை. மரியாதையாக வாசலில் நின்று வரவேற்றேன். தார்ப்பாயை எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயின்ட் இல்லாமல், சாம்பல் நிறத்தில், தலை முதல் கால் வரை ஏதோ எண்ணெய் வழிய, தூசியும் பிசுக்குமாக நின்றார். தெருவில் போன ஒருவர் "என்ன சார், காருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இங்கேதான் சம்பந்தி, என் மரியாதைக் குணம் குறுக்கே வந்தது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாங்கள் அப்படியேவா திருப்பித் தருவோம்? தேய்த்துக் கழுவித் துடைத்துத்தான் தருவோம். ஒரு பாத்திரத்துக்கே அப்படி என்றால் காருக்கு எப்படிச் செய்ய வேண்டும்? பெண்ணைக் கொடுத்த வீட்டின் பொருள் எங்கள் ஷெட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்றது என்று நாளைக்கு நாலு பேர் பேசினால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? என் மனைவி ஷெட் வாசலில் நின்றபடி, "அவர் எதுக்காகவோதான் எண்ணெய் பூசியிருப்பாரு. ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழுவுங்களேன்" என்றாள். "உடம்பு முடியாத மனுஷனை இதுக்கெல்லாமா தொந்தரவு பண்ணுவாங்க?" என்று அவளை அடக்கிவிட்டேன். நான் குடிநீர் வாரியத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தவன். எந்த அழுக்குக்கும் தண்ணீர்தான் மருந்து என்பது என் ரத்தத்தில் ஊறியது. குழாயை மாட்டினேன். சோப்புத்தூள் போதவில்லை என்று என் மனைவியின் ஷாம்பூவையும் எடுத்துவந்து, நுரை பொங்கப் பொங்க, உங்கள் மூத்த பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டினேன். எண்ணெய் போனது. உள்ளேயிருந்து வெள்ளி மாதிரி தகடு வந்தது பாருங்கள், நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து, காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உங்களுக்கு முதல் போன். "பளபளன்னு இருக்கு சம்பந்தி." நீங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தால், மூத்தவர் ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்தில் நிற்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மனைவி வந்து எட்டிப் பார்த்து, "நேத்து வெள்ளியா இருந்துச்சு, இன்னிக்குத் தங்கமாயிடுச்சா?" என்றாள். மனுஷன் கஷ்டம் தெரியாமல் பேசுகிறாளே என்று பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துக்கொண்டு போய், கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். துரு போனது. தேய்த்த பொடி போக வேண்டுமே என்று மறுபடி தண்ணீர் அடித்தேன். சாயங்காலத்துக்குள் மறுபடி ஆரஞ்சு. மாடியில் குடியிருக்கிற ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இரும்பு, காத்து, ஈரம் மூணும் சேர்ந்தா துரு வரும்" என்றார். "எப்படி வருதுன்னு கேக்கல சார், வந்தது எப்படிப் போகும்?" என்றேன். வினிகர் போட்டால் போகும் என்றார். போட்டேன். போனது. ஆனால் ஷெட் பூராவும் ஊறுகாய் ஜாடி மாதிரி நாறியது. நாற்றம் போக என்ன செய்வேன்? தண்ணீர்தான். அடுத்த நாள் காலையில் ஆசிரியரே இறங்கி வந்து பார்த்துவிட்டு, "திரும்ப வராம இருக்கறது எப்படிங்கறது எங்க பாடத்திட்டத்துல இல்ல சார்" என்று சொல்லிப் படியேறிவிட்டார். அன்றைக்கும் உங்களிடம் "பளபள" என்றுதான் சொன்னேன். அதுதான் முதல் பொய்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. சம்பந்தி எண்ணெய் பூசியிருந்தார், நாம் அதை எடுத்தோம், அதனால்தான் இந்த வினை, திரும்பப் பூசினால் சரியாகிவிடும். என்ன எண்ணெய் என்று கேட்டால்தானே உங்களுக்குச் சந்தேகம் வரும்? கேட்கவில்லை. சமையலறையில் இருந்த ஐந்து லிட்டர் டின்னைத் தூக்கிவந்து, கஞ்சத்தனம் கூடாது என்று வாளியில் ஊற்றித் துடைப்பத்தால் பூசினேன். தகடு முழுக்க வழிந்தது. ஓரிரு நாளில் அது கெட்டியாகி, பசை மாதிரி ஆகி, தெருப் புழுதி, பஞ்சு, கோழி இறகு, எறும்பு எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டது. சம்பந்தி, உங்கள் காருக்கு ரோமம் முளைத்துவிட்டது. எதிர்வீட்டுப் பூனை அந்த வாசனைக்கு வந்து, கூரை மேல் ஏறி நக்கி, கால் ஒட்டிக்கொண்டு கத்தி, அதைப் பிய்த்து எடுக்கப் போன என்னையும் கீறிவிட்டு ஓடியது. அதன் காலடி ஒவ்வொன்றும் அப்புறம் கூரையில் பூப்போட்ட மாதிரி துருவாக எழும்பியது.

அன்றைக்குத்தான் முதன்முதலாக என் மனைவி அந்த ஆச்சரியத்தைச் செய்தாள். மத்தியானம் நான் கண்ணயர்ந்து எழுந்தேன். அவள் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல் பக்கம் போனில் பேசிவிட்டு உள்ளே வந்தவள், "சமையல் எண்ணெயெல்லாம் ஆகாதுங்க, காய்ஞ்சு ஒட்டிக்கும். இதைப் பெயின்ட் கரைக்கற தின்னர்ல துடைச்சு எடுத்துட்டு, மெஷின் எண்ணெயைத் துணியில தொட்டு, இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு லேசாத் தடவணும்" என்றாள். எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஸ்டியரிங் எது, ஸ்டெப்னி எது என்று தெரியாதவள் சம்பந்தி அவள்! "இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?" என்றேன். "அக்கா கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். தையல் மெஷினுக்கு அப்படித்தான் போடுவாளாம்" என்றாள். அவள் அக்கா தையல் வகுப்பு நடத்துகிறார், உங்களுக்குத் தெரியும். தையல் மெஷினும் காரும் ஒன்றா என்று சொல்லிவிட்டேன். பெண்டாட்டி பேச்சையே கேட்காதவன், பெண்டாட்டியின் அக்கா பேச்சையா கேட்பேன்? இருந்தாலும் வேறு வழியில்லாமல் தின்னரில் துடைத்து எடுத்ததென்னவோ உண்மை.

துடைத்து முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. ஈரம்தானே எதிரி, ஈரமே உள்ளே போகாமல் செய்துவிட்டால்? கடைக்குப் போய் மொத்தமான பிளாஸ்டிக் தாளை உருளையாகத் தூக்கிவந்து, மூத்தவரை முன்னும் பின்னும் மேலும் கீழும் சுற்றி, இடுக்கு விடாமல் டேப் ஒட்டி, வெளிநாட்டுக்கு அனுப்புகிற பார்சல் மாதிரி கட்டிவிட்டேன். ஒரு கொசு நுழைய முடியாது. மத்தியானம் என் மனைவி வழக்கம்போல் கொல்லைப்புறத்தில் போன் பேசிவிட்டு வந்தாள். "அதைப் பிரிச்சுடுங்க. காத்தே இல்லாம மூடினா உள்ள வேர்க்கும். பழைய பருத்தி வேட்டியோ படுக்கை விரிப்போ லேசாப் போத்தினாப் போதும்." நான் சிரித்தேன். "காருக்கு எங்கயாவது வேர்க்குமா? உங்க அக்கா தையல் கிளாஸை மூடிட்டு மெக்கானிக் ஷாப் வெச்சிருக்காளா?" அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். கோபம் என்று நினைத்தேன். மழை ஓய்ந்து வெயில் வந்த அன்று தாளைப் பிரித்தேன் சம்பந்தி. உள்ளே நீராவிக் குளியல் நடந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக வழிகிறது. தாள் மடங்கிய இடத்திலெல்லாம் துரு கோடு கோடாக ஓடி, பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டுகிற ஆற்றுப் படம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்த அக்காவைப் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றிலிருந்து வீடே ஒரு தினுசாகிவிட்டது. ஷெட்டில் ஈரம் இருக்கிறது, வீட்டுக்குள் இல்லை என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். பானெட் இப்போது சாப்பாட்டு மேஜையின் மேல் இருக்கிறது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முழங்காலுக்கு நல்லதாம். கதவுப் பிடிகளும் விளக்குக் கண்ணாடி வளையங்களும் பீரோவில் என் மனைவியின் புடவைகளுக்கு நடுவே தூங்குகின்றன. ஈரத்தை உறிஞ்சுமே, புது ஷூ டப்பாவில் குட்டிப் பொட்டலமாக வரும் அந்த மணிகள், அதற்காகக் கடை கடையாக ஏறினேன். ஒரு செருப்புக் கடைக்காரர் என்னைக் கண்டாலே, "சார், இன்னிக்காவது செருப்பு வாங்குவீங்களா, இல்ல பொட்டலம் மட்டும்தானா?" என்கிறார். பொட்டலம் தீர்ந்துபோனபோது சின்னச் சின்னத் திருகாணிகளை அரிசி டின்னில் புதைத்து வைத்தேன். அதில் ஒன்று சாதத்தோடு வெந்து என் கடைவாய்ப் பல்லில் மாட்டியது. பல்லுக்குச் சேதம். திருகாணிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை நீங்கள் நிம்மதியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நடுவில் கை வைக்கிற விவகாரம். உங்கள் உடம்பை விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும், ஏன் என்றே தெரியவில்லை, நேராகக் காரிடம் போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டுதான் விசாரிக்கிறார்கள். "இப்ப எப்படி இருக்காரு?" என்று கதவைத் தடவிக்கொடுக்கிறார்கள். "நல்ல மனுஷன், சீக்கிரம் தேறிடுவாரு" என்று மட்கார்டைத் தட்டுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத என் அண்ணன் டிக்கியின் மேல் ரொம்ப நேரம் கையை ஊன்றி நின்றுவிட்டுப் போனார். எனக்கு அது மனதைத் தொட்டது. மறுநாள் பார்த்தால் ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சாகத் துருவில் எழும்பியிருக்கின்றன. என் அண்ணனுக்குச் சுண்டுவிரல் வளைசல், அதுகூட இருக்கிறது. வேர்வையில் உப்பு இருக்கிறதாம், அது வெறும் தகட்டைத் தின்றுவிடுமாம். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், அக்காதான். பால்காரர் கை, மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் கை, எதிர்வீட்டு அம்மாளின் கை, எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, என் மனைவி ஒரு பை நிறைய வெள்ளைப் பருத்திக் கையுறைகளோடு கடையிலிருந்து வந்தாள். இப்போது உங்களை விசாரிக்க வருகிற எல்லோருக்கும் கேட்டிலேயே ஒரு ஜோடி கொடுக்கிறேன். என்னவோ தொற்று நோய் என்று பயந்து பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

சரி, இப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன். கடைசியில் அக்கா சொன்னபடிதான் செய்தேன். மெல்லிய எமரித் தாளால் துருவை மட்டும் தேய்த்து, தண்ணீர்ப் பக்கமே போகாமல் தின்னரில் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு, மெஷின் எண்ணெயை இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி தடவி, பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தி, ஷெட்டில் ஒரு மேஜை மின்விசிறியும் ஓடவிட்டிருக்கிறேன். பத்து நாளாகப் புதுத் துரு இல்லை. ஆற்றுப் படம் போய்விட்டது. பூனைக் கால்களும் ஏறக்குறையப் போய்விட்டன. தகட்டில் ஒட்டு வேலை பாக்கி என்று நீங்கள் சொன்னதால், பெயின்டுக்கு அடியில் பூசுகிற ப்ரைமரை அடிக்கச் சொல்லவில்லை. மழை நின்றதும் நீங்களே வந்து நின்று அடிக்கச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று போகவில்லை. மேஜை மேல் இருக்கிற பானெட்டில், இடது ஓரமாக, ஒரு கை. மற்ற கைகளெல்லாம் தேய்க்கத் தேய்க்கப் போய்விட்டன. இது மட்டும் தகட்டுக்குள்ளேயே இறங்கி, கறுப்பாக நிற்கிறது. யார் கை என்று எவ்வளவோ யோசித்தேன். ஒரு நாள் தற்செயலாக என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கனகச்சிதமாகப் பொருந்தியது.

என் கைதான் சம்பந்தி. தினமும் காலையில் அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் உங்களுக்குப் போன் செய்வேன். வலது கையில் போன். இடது கையை பானெட்டின் மேல் ஊன்றிக்கொள்வேன். ஊருக்கெல்லாம் கையுறை கொடுத்த எனக்கு அந்த நேரத்தில் மட்டும் அது ஞாபகம் வந்ததே இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு யார் எடுப்பார்கள், என்ன சொல்வார்கள் என்று உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். நீங்கள் "சொல்லுங்க சம்பந்தி" என்றதும்தான் மூச்சு வரும். நம் பிள்ளைகளின் கல்யாண வரவேற்பில் மண்டபத்தில் மின்சாரம் போய், நான் அவமானத்தில் செத்துவிடலாமா என்று நின்றபோது, நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போய் இந்தக் காரைப் பின்னுக்கு எடுத்து வாசலுக்கு நேராக நிறுத்தி, முன்விளக்கைப் போட்டு விட்டீர்களே, அந்த வெளிச்சத்தில்தான் என் மகள் மாலையோடு நின்றாள். பெண்ணைப் பெற்றவன் அதை மறக்க மாட்டான். அந்தக் காரை நான் இப்படிச் செய்துவிட்டேன். கார் போனாலும் போகட்டும், உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் பயந்தேன். இதை நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதிவிட்டேன்.

நீங்கள் என்னைத் திட்டலாம். உரிமை இருக்கிறது. ஆனால் மெதுவாகத் திட்டுங்கள், சத்தம் போட்டால் தையலை இழுக்கும். என் மகள் மேல் மட்டும் கோபத்தைக் காட்டாதீர்கள், அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் வருவதாக இருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாருங்கள். இன்னும் ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது, அதற்குள் பூனைக் கால்களை முழுதாக எடுத்துவிடுவேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் பணிவான நமஸ்காரம். அன்றைக்கு உங்கள் கையைப் பிடிக்க முடியாமல் போனது அவருக்குத்தான், இன்றைக்காவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நோய் நொடியில்லாமல், துரு ஏறாமல், நூறு வருஷம் இருக்க வேண்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்துக் கையுறையோடு எழுதும்,
உங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டாள். படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்துவிட்டு, "அக்காவும் இல்ல, தையல் மெஷினும் இல்லங்க. தினம் மத்தியானம் நான் அண்ணன் கிட்டத்தான் பேசினேன்" என்றாள். அண்ணன் என்று அவள் சொல்வது உங்களை. நான் முதல் நாள் "பளபளன்னு இருக்கு" என்று சொன்னதுமே, எண்ணெய் பூசின தகடு ஒரு நாளும் பளபளக்காது, சம்பந்தி கழுவிட்டாரு என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்களாமே! அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, "அவரைத் தடுக்காதம்மா, எனக்குத் தெரியும்னும் சொல்லாத. ரொம்ப மோசமாப் போச்சுன்னா மட்டும் என்ன செய்யணும்னு சொல்றேன். மத்தபடி இன்னிக்கு என்ன பண்ணினாருன்னு எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்" என்றீர்களாம். வீட்டில் யார் காதிலும் விழக்கூடாது என்று போனை எடுத்துக்கொண்டு, வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே கேட்பீர்களாம். நான் "பளபள" சொன்னதற்கு நீங்கள் நடக்கவே இல்லை. பூனை ஒட்டிக்கொண்டதற்கு நடந்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் தாளுக்கு நடந்திருக்கிறீர்கள். ஆகையால் இந்தக் கடிதத்தில் உங்களுக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை, ஒன்றைத் தவிர. அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியுமாம், ஆனால் அதை மட்டும் உங்களிடம் சொல்லவில்லையாம். "அதை நீங்களே சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். அப்புறம் இன்னொன்று. சிரிப்பு வந்தால் தைத்த இடம் வலிக்கும் என்று, அவள் போனில் பேசும்போதெல்லாம் நீங்கள் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வீர்களாமே. இந்தக் கடிதத்தையும் அப்படியே தலையணையோடு படியுங்கள் சம்பந்தி. இதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.